பிள்ளைக்கொரு மஞ்சள் சுவர்

இன்னும் காயவில்லை. விரலை வைத்தால் ஒட்டுகிறது, எடுத்தால் ரேகை பதிந்து நிற்கிறது, அதன்மேல் மறுபடி பிரஷ்ஷை ஓட்ட வேண்டும், ஓட்டினால் அந்த இடம் மட்டும் திட்டாகத் தெரியும், தெரிந்தால் மேடம் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். தொடாதே மாரி, தொடாமல் இரு. ஆனால் தொடாமல் காய்ந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது. மூன்று மணிக்கு மேல் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை தத்துக் கொடுக்கிற அலுவலகத்திலிருந்து சுகிர்தா மேடம், எங்களையும் வீட்டையும் பார்க்க. பார்த்துவிட்டு எழுதி அனுப்புவார்களாம், இந்த வீட்டில் ஒரு பிள்ளை வளரலாம் என்றோ வேண்டாம் என்றோ. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். தூத்துக்குடியில் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் மாடி வீடு பிடித்தால் சுவர் எப்போது காயும்? வெயில் இந்த அடி அடிக்கிறது, ஜன்னல் கம்பி கொதிக்கிறது, சுவர் மட்டும் காய்ச்சல்காரன் முதுகு மாதிரி நசநசவென்று இருக்கிறது. உள் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில், சரியாகப் பிள்ளையைப் போடலாம் என்று நான் நினைத்து வைத்திருக்கிற இடத்தில்தான் உப்புப் பூக்கிறது. சுரண்டிவிட்டால் நாலு நாளில் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து வரும், கையால் தடவினால் மாவாகக் கொட்டும். வீட்டுக்காரர் ராஜகனி அண்ணாச்சியிடம் சொன்னால் கடல் காத்துக்கு நான் என்ன செய்ய முடியும் தாயி என்கிறார், கடலை நான்தான் கொண்டுவந்து போட்ட மாதிரி ஒரு பார்வை. ஆணி அடிக்கக் கூடாது, சுவரைத் தட்டக் கூடாது, என்ன பெயின்ட் வேண்டுமானாலும் அடித்துக்கொள் ஆனால் உன் செலவில். எங்கள் செலவில் என்றால் எது? இவர், என் புருஷன், லாரி எடை போடுகிற எடைமேடைக்குப் பக்கத்துக் குடோனில் பெயின்ட் அடித்து மிஞ்சிய அரை வாளி வெள்ளை டிஸ்டெம்பர். அதில் கடையில் ஒரு சின்ன டியூபு மஞ்சள் சாயம் வாங்கிக் கலக்கினேன். முதல் கலவை தீர்ந்ததும் இரண்டாவது கலக்கினேன், அது இன்னொரு மஞ்சளாகப் போய்விட்டது. மேல்பாதி எலுமிச்சம்பழம், கீழ்ப்பாதி வாழைப்பழம். காய்ந்தால் ஒன்றாகிவிடும் என்று அந்த வீடியோப் பெண் சொன்னாள்.

அவள் என் தலைக்குள்ளேயே குடிவந்துவிட்டாள். ஹாய் ஃப்ரெண்ட்ஸ், இன்னைக்கு நம்ம வீட்டைச் செலவே இல்லாம எப்படிப் புதுசாக்கலாம்னு பாக்கப் போறோம். ஐஸ் கம்பெனியில் எனக்குப் பக்கத்து சீட்டில் பில் போடுகிற பெர்னதத்துதான் அந்த வீடியோவை போனில் அனுப்பிவிட்டாள், பாரு மாரி, இவ சொல்லுறதச் செஞ்சாப் போதும், வந்தவங்க அசந்துருவாங்க என்று. ஒன்று பார்த்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பத்து வருகிறது. பழைய சேலையில் கர்ட்டன். சுவிட்ச் போர்டுக்குப் பற்பசை. குளியலறைத் தரைக்குச் சோடா உப்பும் எலுமிச்சையும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் மணிபிளான்ட். இருக்கிற சாமானையே இடம் மாற்றிப் போட்டால் வீடு புதுசாகத் தெரியும் ஃப்ரெண்ட்ஸ், மனசே மாறிடும் ஃப்ரெண்ட்ஸ். அவள் வீட்டில் உப்புப் பூப்பதில்லை. அவள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே மரம், என் ஜன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. ஆனாலும் எல்லாம் செய்தேன். வேலை விட்டு வந்து தினமும் ஒன்று. ஐஸ் கம்பெனியில் உட்கார்ந்திருந்தால் பகல் முழுக்கக் கை விறைத்துக் கிடக்கும், வீட்டுக்கு வந்து சோடா உப்பில் கையை விட்டால் எரியும், அந்த எரிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. எதையோ செய்துகொண்டிருக்கிறேன் என்று இருந்தது. இத்தனை வருஷம் ஒன்றும் செய்யாமல் காத்திருந்ததற்கு இது எவ்வளவோ மேல். மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே, எதிர்ச் சுவரில் ஒரு பிள்ளைப் படம், வெள்ளை வெளேரென்று, பல் இல்லாத சிரிப்பு, எங்கே உட்கார்ந்தாலும் என்னையே பார்க்கும். அந்தப் படத்துக்குக் கீழேயும் சுவர் பொரிந்துதான் இருந்தது. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு கை வெள்ளையடிக்க மாட்டார்களா என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உள்ளே டாக்டர் என்ன சொல்லப் போகிறார் என்று நினைக்காமல் இருப்பதற்காக.

நினைக்காமல் இருப்பதற்கு ஏதாவது ஒன்று வேண்டும். இப்போது இந்த பீரோ. காலையில் தனியாகத்தான் நகர்த்தினேன், ஒரு காலுக்கு அடியில் ஈரச் சாக்கைப் போட்டு, தோளைக் கொடுத்து, ஒரு அடி தள்ளி ஒரு மூச்சு விட்டு. நகர்த்தின பிறகுதான் தெரிகிறது, பீரோ நின்ற இடத்தில் சுவர் பச்சையாக இருக்கிறது. பச்சை! நாங்கள் குடிவந்த வருஷம் இந்த வீடே பச்சையாக இருந்ததா? இருந்தது. எப்படி மறந்தேன்? அந்தப் பச்சைக்குத்தான் நான் கல்யாணத்துப் புதிதில் பொருத்தமாகப் பச்சை பெட்ஷீட் வாங்கினேன். அப்புறம் ஒரு தீபாவளிக்கு இவர் ரோஸ் அடித்தார், பீரோவை நகர்த்த ஆளில்லாமல் அதைச் சுற்றியே அடித்தார். பச்சையில் இருந்த காலத்தில் எனக்கு அவசரமே இல்லை. பிள்ளை வரும், வரட்டும், இப்போ என்ன என்று இருந்தேன். அந்தச் சதுரத்தை இப்போது எதைக் கொண்டு மறைப்பது? மஞ்சள் தீர்ந்துவிட்டது. மறுபடி பீரோவை அங்கேயே தள்ளினால் தோள் போய்விடும், தள்ளாவிட்டால் நடு வீட்டில் ஒரு ஆள் நிற்கிற மாதிரி அந்தப் பச்சை நிற்கிறது. காலண்டர் மாட்டலாம். ஆணி அடிக்கக் கூடாது. ஹாய் ஃப்ரெண்ட்ஸ், ஆணியே அடிக்காம படம் மாட்டலாம், இரண்டு பக்கமும் ஒட்டுற டேப் இருந்தா போதும். டேப் இருந்தா போதும். உப்புச் சுவரில் டேப் எங்கே ஒட்டும், ஒட்டின இடத்தோடு சுவரையும் உரித்துக்கொண்டு விழும். சமையலறைக்குப் போகிறேன், எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்கிறேன், தண்ணீர் குடிக்கிறேன், டம்ளரில் பெயின்ட் வாடை.

இந்த மாதிரி ஒரு நாள் முன்பும் இருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு. அம்மா பக்கத்து வீடுகளிலிருந்து நாற்காலி வாங்கிப் போட்டாள், நாலும் நாலு விதம். அப்பா வாசல் சுவருக்கு மட்டும் வெள்ளையடித்தார், பக்கவாட்டுக்குச் சுண்ணாம்பு பற்றவில்லை. வருகிறவர்கள் நேராகத்தானே வருவார்கள் என்றார். வந்தவர்கள் காரை நிறுத்த இடம் தேடிப் பக்கவாட்டில்தான் வந்தார்கள். நான் உள்ளே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த அத்தை, இவருடைய அம்மா, சுவரைப் பார்த்தார்கள், ஒரு நிமிஷம், அப்புறம் சேலையைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. பிறகு எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது, அந்த அத்தை கடைசிவரை என்னை ஒரு சொல் சொன்னதில்லை, பிள்ளை இல்லை என்பதற்குக்கூட. ஆனால் அந்தச் சேலை ஒதுக்கலை நான் இன்னும் மறக்கவில்லை. சுகிர்தா மேடம் சேலை கட்டியிருப்பார்களா, சுடிதாரா? சுவர் ஓரமாக உட்கார வைக்கக் கூடாது. நடுவில் நாற்காலி போட வேண்டும். நாற்காலி கால் ஆடுகிறது, அதற்கு அடியில் அட்டை மடித்து வைக்க வேண்டும். பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் வேறு ஆள் வருவார்கள். இங்கே பிடிக்கவில்லை என்றால் வேறு யார் வருவார்கள்?

மேலே பார்க்காதே என்று சொல்லிக்கொண்டேதான் மேலே பார்க்கிறேன். உத்தரத்தில் ஒரு கொக்கி இருக்கிறது, அண்ணாச்சியின் அப்பா காலத்துக் கொக்கி, தொட்டில் கட்டுவதற்கென்றே போட்டது. வந்த நாளிலிருந்து அது தலைக்கு மேலே ஒன்றும் இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. இவர் ஒரு தடவை அதில் வாழைத்தார் கட்டினார், நான் அவிழ்க்கச் சொல்லி அழுதேன், ஏன் அழுகிறேன் என்று கேட்காமல் அவிழ்த்துவிட்டார். போன வாரம் ஸ்டூல் போட்டு ஏறி அதன் துருவைத் தேய்த்தேன், உப்புத்தாள் வைத்து, கறுப்பு பெயின்ட் ஒரு கோட். என்னுடைய பழைய நூல் சேலை ஒன்றைத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கி வைத்திருக்கிறேன். மாசு மருவில்லாமல், வெயிலில் காயவைத்து, மடித்து. கையில் எடுத்தால் பாரமே இல்லை. அந்தப் பிள்ளை எங்கேயோ இப்போது இருக்கும். பிறந்திருக்குமோ, இனிமேல்தானோ? யாரோ ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பஸ் ஏறிக்கொண்டிருப்பாளோ? அவளுக்குச் சோறு கிடைத்ததோ என்னவோ. அவளுடைய துக்கம் வந்து என் வீட்டில் சந்தோஷமாக இறங்க வேண்டும், அதற்கு நான் சுவருக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பேர் வைத்திருக்கிறேன். இவரிடம்கூடச் சொல்லவில்லை. குளிக்கும்போது தண்ணீர் சத்தத்தில் ஒரு தடவை வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், கூப்பிட்டதும் யாரோ திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது, பயந்து போய்க் குழாயை நிறுத்தினேன்.

போன் அடிக்கிறது. கை முழுக்க மஞ்சள், முழங்கையால் தள்ளி ஸ்பீக்கரில் போடுகிறேன். இவர்தான்.

"மாரி, சாப்பிட்டியா?"

"எங்க சாப்பிட. நீங்க கிளம்பிட்டீங்களா?"

"இல்ல, இங்க லாரி வரிசையா நிக்கி. மாத்திவிட ஆள் வரல. மூணு மணிக்குள்ள வந்துருவேன்."

"வரும்போது ஒரு கால்மிதி வாங்கிட்டு வாங்க. பழசு நூலா தொங்குது. பீரோ நின்ன எடத்துல பச்சையா இருக்குங்க, என்ன செய்யன்னே தெரியல."

"ரொம்ப ஒண்ணும் செய்யாத மாரி," என்றார். "அவங்க வீட்டையா பாக்க வாராங்க."

"பின்ன எதைப் பாக்க வாராங்க?"

வந்து பேசிக்கிடுவோம் என்று வைத்துவிட்டார். இவர் எப்போதும் இப்படித்தான். ஆனால் இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாக இப்படி. சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிடுகிறார். நான் சுவரைக் காட்டினால் நல்லாருக்கு என்கிறார், கொக்கியைக் காட்டினால் வாசலுக்குப் போய்விடுகிறார். பிடிக்கவில்லையோ, கடைசி நேரத்தில் வேண்டாம் என்று தோன்றிவிட்டதோ? அவருக்கும் நாற்பத்தாறு ஆகிறது, தோளில் வலி, மூச்சு வாங்குகிறது. அப்படியிருந்தால் சொல்லட்டுமே. சொன்னால் நான் என்ன செய்வேன்? அந்த இடத்தில் யோசனை அப்படியே சுவரில் முட்டின பல்லி மாதிரி நின்றுவிடுகிறது, மேலே போகாது, கீழேயும் இறங்காது. பீரோ. பீரோவைப் பார் மாரி. பச்சைச் சதுரத்துக்கு முன்னால் டிரங்குப் பெட்டி மேல் பெட்டியாக அடுக்கி அதன்மேல் கர்ட்டன் துணியைப் போட்டுவிடலாம். ஆமாம், அதுதான் வழி. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டிகளை இழுத்தேன், உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்தது, பழைய ஆஸ்பத்திரிப் பை, எக்ஸ்ரே உறைகள், உடைந்த இஸ்திரிப் பெட்டி. வீடு முழுக்கப் பரப்பிக்கொண்டு நடுவில் நான் குந்தியிருக்கிறேன், கிழிந்த நைட்டியில், தலையில் துண்டு கட்டி. அப்போது கதவு தட்டுகிற சத்தம். அண்ணாச்சி தண்ணீர் மோட்டாரைப் பற்றிக் கேட்க வந்திருப்பார் என்று அப்படியே எழுந்துபோய்த் திறந்தேன்.

"சந்தனமாரி தானே? நான் சுகிர்தா. மதியம் போக வேண்டிய வீட்டுல இன்னைக்கு வேண்டாம்னுட்டாங்க. இந்தப் பக்கம்தானேன்னு நேரா வந்துட்டேன். சாருக்கு போன் போட்டேன், பிஸியா இருந்துச்சு. இப்ப வரலாமா?"

வரக்கூடாது என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? வாங்க மேடம் என்று வாய் சொன்னது. உட்காருங்க மேடம் என்றது. எங்கே உட்கார? ஒரு நாற்காலியில் எக்ஸ்ரே, இன்னொன்றில் பெயின்ட் வாளி, கட்டில் மேல் பீரோவில் இருந்த துணியெல்லாம் மலையாக. மேடம் சேலைதான் கட்டியிருந்தார்கள், ஊதா நிறத்தில் காட்டன், ஐம்பது வயது இருக்கும், வியர்த்துப்போய் முகம் கறுத்திருந்தது. மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. வீட்டைப் பார்க்க வந்தவர்கள் வீட்டையே பார்க்கவில்லை, வீடு இன்னும் வரவில்லை. மூன்று மணிக்குத்தான் வரும். கர்ட்டனெல்லாம் போட்டு, பித்தளை டம்ளரைத் துலக்கி, நான் குளித்து, பூ வைத்து, இவர் வெள்ளைச் சட்டை போட்டுப் பக்கத்தில் நிற்க, அந்த வீட்டுக்குத்தான் மேடத்தைக் கூப்பிட்டிருந்தேன். மேடம் ஒரு துணி மூட்டையை மெதுவாக ஒதுக்கிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்கள், மஞ்சள் சுவருக்கு ரொம்பப் பக்கத்தில். மேடம், சுவர், ஈரம் என்றேன். தோளைத் திருப்பிப் பார்த்தார்கள். சேலையை ஒதுக்கவில்லை. முந்தானை நுனியில் ஒரு பொட்டு மஞ்சள் ஏறியிருந்தது, அதை நான் சொல்லவில்லை, சொல்லாதது பொய் சொன்னதில் சேருமா என்று நினைத்துக்கொண்டே தண்ணீர் எடுத்து வந்தேன். பெயின்ட் வாடை அடிக்கிற டம்ளரில்தான் கொடுத்தேன். குடித்தார்கள்.

"எல்லாம் நீங்களே அடிச்சதா?"

"ஆமா மேடம். காஞ்சா ஒண்ணு போல ஆயிரும் மேடம்."

"நல்லாத்தான் இருக்கு."

நல்லாத்தான். அந்தத் தான் எதற்கு? மேடம் கேட்டார்கள், நான் சொன்னேன். எந்த ஊர், எத்தனை பேர் கூடப்பிறந்தது, எப்போது வேலைக்குப் போய் எப்போது வருவேன், நான் இல்லாத நேரத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள். கோபம் வருமா என்று கேட்டார்கள். வரும் மேடம் என்றேன். சொன்ன பிறகு ஐயோ என்று இருந்தது. வந்தால் என்ன செய்வீங்க என்றார்கள். பாத்திரம் துலக்குவேன் என்றேன். மேடம் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது, இருந்ததா, நான்தான் அப்படிப் பார்த்தேனா? சாரோடு சண்டை வருமா? வரும். எதற்கு? யோசித்துப் பார்த்தால் எதற்கென்று ஒன்றும் நினைவில் இல்லை, வாழைத்தார்தான் நினைவுக்கு வந்தது, அதைச் சொல்ல முடியாது. எழுந்து நின்று சமையலறை பார்த்தார்கள், குளியலறையை எட்டிப் பார்த்தார்கள், நான் விடிய விடியத் தேய்த்த தரையைத் தாண்டி ஜன்னல் கம்பிக்கு இடைவெளி எவ்வளவு என்று கையை விட்டுப் பார்த்தார்கள். மாடிப்படிக்கு ஒரு சின்னக் கதவு போடணும் என்றார்கள். போட்டுருவோம் மேடம். அண்ணாச்சி ஆணி அடிக்கக் கூடாது என்பாரே. போட்டுருவோம். மறுபடி உள் அறைக்கு வந்து, கொக்கியை அண்ணாந்து பார்த்தார்கள். மடித்து வைத்த நூல் சேலையைப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

"இது எதுக்கு?"

"தொட்டிலுக்கு மேடம். ரெடியா இருக்கட்டும்னு." என் குரல் எனக்கே சின்னப் பெண் குரல் மாதிரி கேட்டது.

மேடம் மறுபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். என்னையும் உட்காரச் சொன்னார்கள். நான் பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

"சார் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையாம்மா?"

"என்ன மேடம்?"

"போன வாரம் போன்ல பேசினேன் அவர்கிட்ட. உங்க ரெண்டு பேர் வயசையும் சேத்துப் பாத்தா கைக்குழந்தை கிடைக்காது. அது கவர்மென்ட் விதி, நானா சொல்லுறதில்ல. கொஞ்சம் பெரிய பிள்ளையாத்தான் வரும். மூணு வயசு, நாலு வயசு, அதுக்கு மேலயும் இருக்கலாம். அவர் வீட்டுல பேசிட்டுச் சொல்லுறேன்னார். சரின்னு மறுநாளே போன் பண்ணினார். நீங்களும் சம்மதம்னுதான் நான் நினைச்சேன்."

மின்விசிறி சுற்றுகிறது. அதன் இறக்கையை நேற்றுத்தான் துடைத்தேன், தலையணை உறைக்குள் விட்டு இழுத்தால் தூசி கீழே விழாது ஃப்ரெண்ட்ஸ். மூணு வயசு. நடக்கும். ஓடும். தொட்டிலில் அடங்காது. சுவரில் உப்பு இருந்தால் சுரண்டி வாயில் வைக்கும். இல்லை, அது கைக்குழந்தை. மூணு வயசில் வைக்காது, வைக்குமா? எனக்கு ஒன்றும் தெரியாது. கைக்குழந்தைக்குத்தான் எல்லாம் படித்து வைத்திருந்தேன், எப்படித் தூக்க, எப்படி ஏப்பம் எடுக்க, எந்தப் பக்கம் படுக்க வைக்க. மேடம் பேசிக்கொண்டே இருந்தார்கள். வர்ற பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருக்கும்மா, அதைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் திரும்பும். பிடிச்ச சாப்பாடு, பிடிக்காத சாப்பாடு எல்லாம் இருக்கும். நல்லாப் பேசும், சிலது பேசவே பேசாது. எங்கேயோ யாரிடமோ இருந்துவிட்டுத்தான் வரும். அதையெல்லாம் அழித்துவிட்டுப் புதுசாக ஆரம்பிக்க முடியாது. நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கட்டை விரலில் காய்ந்த மஞ்சளை உரித்துக்கொண்டிருந்தேன், தோல் மாதிரி உரிந்தது.

"வந்த புதுசுல உங்களைப் பாத்துப் பயந்து இந்தக் கட்டிலுக்கு அடியில போய் உக்காந்துக்கிச்சுன்னா என்ன செய்வீங்க? கூப்பிட்டா வரல. சாப்பாடு வச்சா தொடல."

கட்டிலுக்கு அடியைப் பார்த்தேன். பெட்டிகளை இழுத்துவிட்டதால் அங்கே வெறுமையாக இருந்தது, தூசியும் ஒரு பழைய மூடியும். ஒரு பிள்ளை உட்காரத் தாராளமாக இடம் இருந்தது.

"தெரியலை மேடம்," என்றேன்.

மேடம் எழுதினார்கள். தெரியலை என்ற ஒரு வார்த்தையை எழுத அவ்வளவு நேரம் ஆகாது. வேறு என்னவோ எழுதினார்கள். அன்பாகச் சொல்லிக் கூப்பிடுவேன் மேடம், மிட்டாய் காட்டுவேன் மேடம், பொறுமையாக இருப்பேன் மேடம், ஆயிரம் பதில் அப்புறம் வந்தது, மேடம் பேனாவை மூடிய பிறகு வந்தது, செருப்பு மாட்டும்போது வந்தது, படியில் பாதி இறங்கும்போது நான் மேலே நின்று மேடம் என்று கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்து இறங்குங்க, அந்தப் படி உடைஞ்சிருக்கு என்றேன். நீங்க ரெண்டு பேரும் பேசுங்கம்மா, நான் சாரைத் தனியா ஆபீசுக்கு வரச் சொல்லுறேன், முடிவு எங்க கையில மட்டும் இல்ல என்று சொல்லிவிட்டு வெயிலில் குடையை விரித்துக்கொண்டு போனார்கள், முந்தானையில் என் மஞ்சளோடு.

வீட்டுக்குள் வரப் பிடிக்கவில்லை. மேல்படியிலேயே உட்கார்ந்தேன். இவர் மேல் கோபம் வருகிறதா என்று தேடிப் பார்த்தேன். வர வேண்டும். ஒரு வாரமாகத் தெரிந்துகொண்டு என்னைத் தேய்க்க விட்டிருக்கிறார், கொக்கிக்கு பெயின்ட் அடிக்க விட்டிருக்கிறார். கோபம் வந்தது, வந்து பாதியில் நின்றது, ஏனென்றால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று நின்றுகொண்டிருந்தது. ஒரு பிள்ளை. முகம் இல்லை, உயரம் மட்டும் இருக்கிறது, என் இடுப்புக்குக் கீழே. நான் இத்தனை நாள் நினைத்து வைத்திருந்த பிள்ளை, பாரமே இல்லாத அது, குளியலறையில் திரும்பிப் பார்த்த அது, எங்கேயும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. அது செத்ததாகவும் சொல்ல முடியாது, பிறக்காததற்கு யார் அழுவார்கள்? இந்தப் பிள்ளை இருக்கிறது. நான் மதுரையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு நாளில் அது பிறந்திருக்கும். இன்றைக்கு எதையோ தின்றுகொண்டிருக்கும். நான் பச்சைச் சுவரைப் பார்த்துப் பதறிக்கொண்டிருந்தபோது யாரோ அதைத் திட்டியிருப்பார்களோ? அதற்குப் பேர் இருக்கிறது, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாமலே நடந்து பழகிவிட்டது. எனக்குத் தெரியாமலே விழுந்து எழுந்திருக்கும், முழங்காலில் தழும்பு இருக்கும், அது எப்படி வந்தது என்று கேட்டால் சொல்லுமோ சொல்லாதோ? சுவருக்கு எந்தக் கலர் வேண்டும் என்று அதையே கேட்க வேண்டும். கேட்டால் பதில் சொல்லுகிற பிள்ளை.

இவர் வந்தார். வேலைச் சட்டையிலேயே, கையில் கால்மிதியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, படியை நிமிர்ந்து பார்க்காமல் ஏறி வந்தார். என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். என் கோலத்தைப் பார்த்தார், திறந்து கிடந்த கதவைப் பார்த்தார்.

"மேடம் வந்துட்டுப் போய்ட்டாங்க," என்றேன்.

கால்மிதியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"என்னங்க, நம்ம பிள்ளைக்கு ஏற்கெனவே பேசத் தெரியுமாம்."

எனக்கு இரண்டு படி கீழே அப்படியே உட்கார்ந்தார். தலைமுடியில் சிமெண்டுத் தூசி படிந்திருந்தது. முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"எப்பிடிச் சொல்ல, மாரி. சொல்லணும்னுதான் அன்னைக்கு வந்தேன். நீ ஸ்டூல் மேல நின்னுக்கிட்டு இருந்த, பாட்டுப் பாடிக்கிட்டு. எத்தன வருஷம் ஆச்சு நீ பாடி."

நான் பாடினேனா? எனக்கு நினைவில்லை. என்ன பாட்டு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கீழே அண்ணாச்சி மோட்டாரைப் போட்டார், குழாய்க்குள் தண்ணீர் ஏறுகிற சத்தம் சுவர் வழியாக எங்கள் இருவரையும் தாண்டி மேலே போனது. எங்கேயோ ஒரு கூடத்தில் பாயில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையை நினைத்தேன், யாரோ ஒரு நாள் அதைக் கையைப் பிடித்து இந்தப் படியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள், நான் மேலே நிற்பேன், இவர் பக்கத்தில் நிற்பார். பேசத் தெரிந்த பிள்ளை ஏதாவது பேசத்தானே செய்யும்.

"வந்ததும் முதல்ல என்னங்க கேக்கும்?" என்றேன்.

இவர் கால்மிதியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலை விரலில் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தார்.

"எப்ப வீட்டுக்குப் போவோம்னு கேக்கும், மாரி," என்றார்.